மெத்வெதேவ் பேருக்குள்ள இருக்கிற கரடியும், நீங்க விட்டுட்ட நட்சத்திரக் குறியும்

எடிட்டர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல டென்னிஸ்காரர் டேனில் மெத்வெதேவ் பத்தி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க, 2021 யூஎஸ் ஓபன் ஃபைனல்ல ஜோகோவிச்சை நேர் செட்ல அடிச்சாரே அவர்தான். அதுல கடைசியா ரெண்டு வரி, அவரோட குடும்பப் பேருக்கு "தேனை அறிந்தவன்"னு அர்த்தமாம், அந்தச் சொல் பழங்கால ஸ்லாவ் கல்வெட்டுகள்ல காணப்படுதாம். ரெண்டுமே தப்பு சார். ஆட்டத்தோட ஸ்கோரை இப்படித் தப்பா போட்டிருந்தா மறுநாளே திருத்தம் போட்டிருப்பீங்க, சொல்லோட பிறப்பு விஷயம்னா மட்டும் யார் என்ன எழுதினாலும் ஓடிடும்னு ஆகிப்போச்சு, அதான் கொஞ்சம் விலாவாரியா எழுதலாம்னு உட்கார்ந்தேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க, வெட்டணும்னா வெட்டிக்கோங்க ஆனா நட்சத்திரக் குறி பத்தி எழுதினதை மட்டும் வெட்டிடாதீங்க.

முதல்ல சரியா இருக்கிறதைச் சொல்லிடறேன். ரஷ்யன்ல மெத்வேத்னா கரடி, அதோட "யெவ்" சேர்ந்தா "கரடியோட" பிள்ளை, "கரடி" வம்சம்னு ஆகும், முன்னாள் ஜனாதிபதி திமித்ரி மெத்வெதேவ் பேரும் இதேதான். செக் நாட்டு ஃபுட்பால் ஆட்டக்காரர் பாவெல் நெத்வெத், 2003ல பாலோன் தோர் விருது வாங்கினவர், அவர் பேரும் கரடிதான். அங்க 'மெ' எப்படி 'நெ' ஆச்சுங்கிறதை பின்னாடி சொல்றேன்.

இப்ப கல்வெட்டு. ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன் மாதிரி ஸ்லாவ் மொழிகளுக்கெல்லாம் தாயா இருந்த ஆதி ஸ்லாவ் மொழின்னு எதைச் சொல்றோமோ அதுல ஒரு கல்வெட்டு கூட கிடையாது, ஒரு ஓலை கிடையாது, ஒரு நாணயம் கிடையாது. அந்த மொழியைப் பேசினவங்க எழுதவே இல்லை. ஸ்லாவ் மொழியில எழுத்துன்னு ஒழுங்கா ஆரம்பிச்சதே 863 வாக்குல, சிரில், மெத்தோடியஸ்னு தெசலோனிக்கி ஊர்க்கார அண்ணன் தம்பி ரெண்டு பேரு மொராவியா நாட்டுக்கு மதப் பணிக்குக் கிளம்பினப்போ, பைபிளை மொழிபெயர்க்கிறதுக்காக சிரில் கிளாகோலிடிக்னு ஒரு எழுத்தையே உருவாக்கினாரு, அதுக்குள்ள ஆதி ஸ்லாவ் மொழி கிளை பிரிய ஆரம்பிச்சாச்சு. அது எதுவரைக்கும் ஒண்ணா இருந்துச்சுன்னு கணக்குப் போட ஒரு அழகான சாட்சி உண்டு, ராஜாங்கிற சொல்லு. ரஷ்யன்ல கரோல், போலிஷ்ல க்ரூல், செக்ல க்ரால், செர்பியன்ல க்ரால்ய், இதெல்லாம் 814ல செத்துப்போன ஃபிராங்க் பேரரசர் சார்லமேனோட 'கார்ல்'ங்கிற பேர்ல இருந்து வந்ததுன்னு பொதுவா ஒத்துக்கிறாங்க. அதாவது அந்தப் பேரு உள்ள வந்த காலத்துல கூட எல்லா ஸ்லாவ் கிளையும் ஒரே விதிப்படி மாறுற அளவுக்கு ஒட்டிக்கிட்டுதான் இருந்திருக்கு.

அப்ப எழுதாத மொழியோட சொல்லு நமக்கு எப்படித் தெரியும்? பேரப்பிள்ளைங்க முகத்தைப் பாத்து தாத்தா முகத்தை வரையிற வேலைதான். அப்படி வரைஞ்ச சொல்லுக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி போடுவாங்க, *மெத்வேதி அப்படின்னு. "இது எங்கயும் எழுதிக் கிடைக்கல, விதிகளை வெச்சு மீட்டெடுத்தது"ன்னு அதுக்கு அர்த்தம். 19ஆம் நூற்றாண்டுல ஆகஸ்ட் ஷ்லைஹர்ங்கிற ஜெர்மன்காரர் பரப்பின வழக்கம் இது, அந்த ஆளுக்கு இந்த முறை மேல எவ்வளவு நம்பிக்கைன்னா ஸ்லாவ், சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் எல்லாத்துக்கும் மூலம்னு மீட்டெடுத்த ஆதி இந்தோ ஐரோப்பிய மொழியிலயே 1868ல ஒரு ஆட்டையும் சில குதிரைங்களையும் வெச்சு ஒரு குட்டிக்கதை எழுதி அச்சுல போட்டுட்டாரு, பின்னாடி வந்தவங்க அதைத் திருத்தித் திருத்தியே ஓய்ஞ்சு போயிட்டாங்க. உங்க பெட்டிச் செய்தியில அந்த நட்சத்திரம் காணோம். எழுதினவர் ஏதோ அகராதியில பாத்திருக்கார்னு தெரியுது, குறியை அச்சுப் பிழைன்னு நெனச்சு எடுத்துட்டாரோ என்னவோ, எடுத்த உடனே ஊகிச்ச சொல்லு கல்வெட்டுச் சொல்லா ஆயிடுச்சு.

சரி, பேரப்பிள்ளைங்களைப் பாப்போம். ரஷ்யன் மெத்வேத், செக் மெத்வெத், ஸ்லோவாக் மெத்வெத்ய், ஸ்லோவீனியன் மெத்வெத், செர்பியாவுல மெத்வெத், குரோஷியாவுல மெத்வ்யெத். இது வரைக்கும் பிரச்சனை இல்லை. உக்ரைன்ல வெத்மித்! 'ம'வும் 'வ'வும் இடம் மாறிடுச்சு, நம்ம ஊர்ல குதிரையை குருதைங்கிற மாதிரி. போலந்துல இன்னும் கோளாறு, நியெஜ்வியெஜ்னு 'ந'வுல ஆரம்பிக்கும், செக்ல நெத்வெத்னு ஒரு பழைய வடிவம் இருந்து அது குடும்பப் பேரா மட்டும் நின்னுபோச்சு. 'ம'வும் 'வ'வும் ரெண்டுமே உதடு தொட்டு வர்ற ஒலி, பக்கத்துப் பக்கத்துல வந்தா நாக்கு சோம்பேறித்தனமா ஒண்ணை மாத்திடும். ஆனா 'ம'தான் பழசுன்னு எப்படி முடிவு பண்றது? ஓட்டு எண்ணி இல்லை. போலிஷ்லயே பழைய எழுத்துல மியெஜ்வியெஜ்னு 'ம' வடிவம் இருக்கு, அதோட 'ம'வுல ஆரம்பிச்சாதான் முதல் பாதிக்கு ஒரு பொருள் கிடைக்குது. அந்தப் பொருள்தான் தேன்.

தேனுக்கு ஆதி ஸ்லாவ்ல *மெது. நம்ம வாசகர்கள் யாரும் இதைக் கேட்டு நிமிராம இருக்க முடியாது, ஏன்னா சமஸ்கிருத மதுவும் இதுவும் ஒரே வயித்துப் பிள்ளைங்க, அந்த சமஸ்கிருத மது தமிழுக்கு வந்து இன்னைக்கு மதுவிலக்குத் துறை போர்டுல தொங்குது. ஸ்லாவ் பக்கமும் அதே கதை, தேனுக்கும் தேனைப் புளிக்க வெச்ச சரக்குக்கும் அதே சொல்லுதான். சீன மொழியில தேனுக்குச் சொல்ற 'மி' கூட டோகாரியன்ங்கிற செத்துப்போன இந்தோ ஐரோப்பிய மொழி வழியா போன இதே சொல்லுன்னுதான் ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க.

இந்த *மெதுவோட கடைசி உகரம் நம்ம குற்றியலுகரம் மாதிரிதான், இன்னும் குறுகினது. அதே மாதிரி *மெத்வேதியோட கடைசி இகரமும் குற்றியலிகரம் மாதிரி. 10ல இருந்து 12ஆம் நூற்றாண்டுக்குள்ள இந்தக் குட்டி உயிர்கள் சொல்லோட கடைசியில எல்லா ஸ்லாவ் மொழியிலயும் விழுந்துபோச்சு, ஆனா ரஷ்யன்ல போகும்போது தன் தடத்தை விட்டுட்டுப் போச்சு, மெத்வேத்ல கடைசி 'த்' மென்மையான, நாக்கை மேலண்ணத்துல ஒட்டிச் சொல்ற 'த்'. அந்த மென்மையாலதான் மெத்வெதேவ்ல 'யெவ்' வருது, இல்லாட்டி இவனோவ் பெத்ரோவ் மாதிரி 'ஓவ்' வந்திருக்கும். ஒரு குடும்பப் பேரோட வால்ல ஆயிரம் வருஷத்துக்கு முந்தி செத்த ஒரு உயிரெழுத்து இன்னும் வேலை பாக்குது பாருங்க.

இப்ப ரெண்டாவது பாதி, உங்க செய்தி சறுக்கின இடம். மெத் + வேத்னு பிரிச்சா 'வேத்' அறியறதுங்கிற வேர் மாதிரி தெரியும், நம்ம வேதம்ங்கிற சொல்லுக்கும் அதே வேர்தான், அதனால "தேனை அறிந்தவன்". ரஷ்யாவுலயே சாதாரண ஜனங்க நிறைய பேரு இப்படித்தான் சொல்வாங்க, கேக்க நல்லா இருக்கு, கரடிக்குத் தேன் எங்க இருக்குன்னு தெரியும்ல. ஆனா பிரிக்க வேண்டிய இடம் அது இல்லை. *மெது + *ஏத், 'ஏத்'னா தின்கிறது, லத்தீன் எதோ, சமஸ்கிருத அத், இங்கிலீஷ் ஈட் எல்லாம் அந்த வேர்தான். உகரத்துக்குப் பின்னாடி வேற உயிர் வந்தா உகரம் 'வ்' ஆயிடும், மனு + அந்தரம் மன்வந்தரம் ஆகுதே அதே சந்தி. மெது + ஏதி, மெத்வேதி. தேன்தின்னி, அவ்வளவுதான். ரிக்வேதம் முதல் மண்டலத்துல ஒரு மரத்துல உட்கார்ந்திருக்கிற பறவைங்களை 'மத்வத்'ங்கிறாங்க, இனிப்பைத் தின்கிறவைன்னு, மது + அத், அச்சு அசல் அதே கூட்டுச்சொல், அங்க பறவை இங்க கரடி.

"தின்னி"தான், "அறிந்தவன்" இல்லைன்னு எப்படி அடிச்சுச் சொல்றேன்னா, ஸ்லாவ் மொழிகள்ல பிற்காலத்துல ரெண்டு சொல்லைச் சேர்த்தா நடுவுல ஒரு 'ஓ' போட்டு ஒட்டுவாங்க, அது எழுதப்படாத சட்டம். ஆளைத் தின்கிறவனுக்கு ரஷ்யன்ல ல்யுதோயேத்தாம். அறிந்தவன்னு யாராச்சும் சேர்த்திருந்தா மெதோவேத்னு 'ஓ' போட்டு வந்திருக்கணும். மெத்வேத்ல அந்த 'ஓ' இல்லை, ஏன்னா இது அந்தச் சட்டம் பரவுறதுக்கு முந்தியே, *மெது உகரத்தோட உயிரா இருந்த காலத்துல கட்டின சொல்லு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், டிவியில ஹனி பேட்ஜர்னு காட்டுவாங்களே, பாம்பையும் விடாது தேன்கூட்டையும் விடாது, அந்த மிருகத்துக்கு ரஷ்யன்ல பேரு மெதோயேத். மறுபடியும் தேன்தின்னி! பழைய தேன்தின்னி கரடின்னே ஆயிட்டதால அதுக்குள்ள தேனும் தெரியல தின்னியும் தெரியல, அதனால அதே ரெண்டு சரக்கையும் எடுத்து, இந்தத் தடவை 'ஓ' போட்டு, புதுசா இன்னொரு தடவை கட்டியிருக்காங்க.

இன்னொரு நுணுக்கமும் இந்தச் சொல்லுக்குள்ள இருக்கு. முதல் பாதியில 'எ' குறில், ரெண்டாம் பாதியில 'ஏ' நெடில். ஆதி இந்தோ ஐரோப்பிய மூல மொழியில ரெண்டுமே குறில்தான், அப்புறம் ஏன் ஒண்ணு மட்டும் நீண்டுச்சு? சமஸ்கிருத மதுவுல வர்ற 'த' அந்த வர்க்கத்துல நாலாவது, மூச்சு விட்டுச் சொல்றது, அத்ல வர்ற 'த' மூணாவது. தமிழ் எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான், சமஸ்கிருதத்துல வேற வேற. ஸ்லாவ் மொழியிலயும் நம்மள மாதிரியே ரெண்டும் ஒண்ணா கலந்துபோச்சு, ஆனா கலக்கறதுக்கு முந்தி, மூணாவது 'த'வுக்கு முன்னாடி இருந்த குறில் நெடிலா ஆயிடுச்சு, நாலாவதுக்கு முன்னாடி ஆகல. 1970கள்ல வெர்னர் வின்டர்ங்கிறவர் இதைக் கண்டுபிடிச்சதால வின்டர் விதின்னே பேரு. மெய்யெழுத்து மறந்துட்டதை பக்கத்து உயிரெழுத்து ஞாபகம் வெச்சிருக்கு, ஒரே சொல்லுக்குள்ள விதியும் இருக்கு விதி பொருந்தாத இடமும் இருக்கு. நியாயமா சொல்லணும்னா இது உங்க "அறிந்தவன்" வழக்கைத் தீர்க்காது, அந்த வேர் வழியா வந்தாலும் அங்க இதே 'ஏ'தான் கிடைக்கும், வேற காரணத்தால. வழக்கைத் தீர்க்கிறது அந்த இல்லாத 'ஓ'தான்.

இலக்கணத்துக்கு வர்றேன், வாசகர்கள்ல பாதிப் பேரு இங்க பக்கத்தைத் திருப்பிடுவாங்க, பரவால்ல. *மெத்வேதி ஆண்பால், இகர ஈற்றுப் பெயர். ஆதி ஸ்லாவ்ல வேற்றுமை ஏழு, விளியையும் சேர்த்து. ஒருமை பன்மை போக இருமைன்னு தனியா ஒண்ணு, ரெண்டு கரடிக்குத் தனி வடிவம், இன்னைக்கும் ஸ்லோவீனியன்ல அது உயிரோட இருக்கு. கரடியோட, கரடிக்கு, கரடிகிட்ட, ஏ கரடி, இந்த நாலுக்கும் ஒரே வடிவம்தான், *மெத்வேதீன்னு கடைசியில நீண்ட ஈகாரம். பன்மைக்கு *மெத்வேதியே. இதெல்லாம் சரி, சிக்கல் எங்கன்னா எழுவாயும் செயப்படுபொருளும். மூல மொழியில எழுவாய்க்கு 'இஸ்', செயப்படுபொருளுக்கு 'இம்'னு தெளிவா வேற வேற வால் இருந்துச்சு. ஆதி ஸ்லாவ்ல சொல்லோட கடைசி மெய்யெல்லாம் உதிர்ந்துபோச்சு, எல்லா அசையும் உயிர்லதான் முடியணும்னு ஒரு பிடிவாதம், அதனால ரெண்டும் *மெத்வேதின்னு ஒண்ணா வந்து நின்னுச்சு. மனுஷன்ங்கிற மாதிரி சொல்லுக்கும் இதே கதி. கரடி மனுஷன் தின்னான்னு ஒருத்தன் ஓடிவந்து சொன்னா யாரைக் காப்பாத்த ஓடறது? அதனால உயிருள்ளதுக்கு மட்டும் செயப்படுபொருள் இடத்துல "கரடியோட"ங்கிற வடிவத்தை எடுத்துப் போட்டு சமாளிக்க ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு ரஷ்யன்ல அது கட்டாயம், மேஜையைப் பாத்தேன்னா மேஜை மாறாது, கரடியைப் பாத்தேன்னா மாறும். நம்ம இலக்கணத்துலயும் உயர்திணைக்கு 'ஐ' போட்டே ஆகணும், அஃறிணைக்கு விட்டாலும் ஓடும். கோடு போட்ட இடம்தான் வேற, நம்மகிட்ட கரடி அஃறிணை பக்கம், அவங்ககிட்ட மனுஷன் பக்கம்.

இந்த இகர ஈறும் நிலைக்கல. ரஷ்யன்ல ஆண்பால் இகர ஈற்றுச் சொல்லெல்லாம் வேற கூட்டத்தோட போய்ச் சேர்ந்துடுச்சு, வழிங்கிற பூத் மட்டும்தான் தனி மரமா பழைய வடிவத்துல நிக்குது. செர்பிய, குரோஷிய மொழிகள்ல மெத்வெத் அந்த மென்மை இல்லாத சாதாரண மெய் ஈற்றுச் சொல்லாவே மாறிடுச்சு. அப்புறம் எப்படி இகர ஈறுன்னு சொல்றோம்னா, 'கரடியோட'ங்கிற பெயரடையைப் பாருங்க, ரஷ்யன்ல மெத்வேழிய், 'த' போய் ஃபிரெஞ்சு 'ழ' மாதிரி உரசற ஒலி வந்துடுச்சு, செர்பியன்ல மெத்வெஜி. 'த'வும் யகரமும் ஒட்டிக்கிட்டா ரஷ்யன்ல அப்படி, செர்பியன்ல இப்படின்னு அது தெரிஞ்ச விதி. பெயரடையில அந்த யகரம் இருந்திருக்கு. கரடிங்கிற மூலச் சொல்லுலயும் இருந்திருந்தா அங்கயும் 'த' மாறியிருக்கணும், மாறல, அதனால அங்க இருந்தது யகரம் இல்லை, வெறும் இகரம்.

கடைசியா, தேன்தின்னின்னு ஏன் சுத்தி வளைச்சுச் சொன்னாங்க? கரடிக்கு மூல இந்தோ ஐரோப்பிய மொழியில நேரான பேரு ஒண்ணு இருந்துச்சு, கிரேக்கத்துல ஆர்க்தோஸ், லத்தீன்ல உர்சுஸ், சமஸ்கிருதத்துல ருக்ஷ. ஆர்க்டிக், அண்டார்டிகாவுல இருக்கிறது அந்தக் கரடிதான், வடக்கு வானத்துக் கரடி நட்சத்திரக் கூட்டத்தை வெச்சு. நம்ம சப்தரிஷி மண்டலத்துக்கும் முன்னாடி ருக்ஷங்கள்னு பேரு இருந்துச்சுன்னு சதபத பிராமணமே சொல்லுது. ஸ்லாவ், பால்டிக், ஜெர்மானிய மொழிகள்ல அந்தப் பேரு வழக்குல இல்லாமப் போச்சு. ஜெர்மானிய பக்கம் 'பழுப்பு நிறத்தான்'னு பெரும்பாலானவங்க சொல்ற ஒரு பேரு, லிதுவேனியன்ல லோகிஸ்னு வேற ஒண்ணு. பேரைச் சொன்னா வந்துடும்ங்கிற பயத்துல வேட்டைக்காரங்க பட்டப்பேரு வெச்சாங்க, பட்டப்பேரே நிலைச்சுடுச்சுன்னு 1906ல ஆன்த்வான் மெயேங்கிற ஃபிரெஞ்சு மொழி அறிஞர் எழுதினாரு. ராத்திரியில பாம்புன்னு சொல்லாம பூச்சின்னு சொல்ற ஊர்ல பிறந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரஷ்யாவுல அப்புறம் மெத்வேத்தே நேர்ப்பேரா ஆயிட்டதும் அதுக்கும் மேல கோணக்காலன், மிஷா, மிகைல் பொதாபிச், சைபீரியாவுல எசமான்னு அடுத்த சுத்து ஆரம்பிச்சாச்சு, 1980 மாஸ்கோ ஒலிம்பிக் கரடிப் பொம்மைக்கும் மிஷாதான் பேரு.

ஆனா சார், இந்தப் பயக் கதைக்கும் ஒரு நட்சத்திரக் குறி போட்டுத்தான் படிக்கணும்ங்கிறது என் கட்சி. எந்த வேட்டைக்காரனும் எழுதி வெச்சுட்டுப் போகல, கிரேக்கத்து மலையிலயும் கரடி இருந்துச்சு, அங்க ஏன் பயப்படல? பொருத்தமான விளக்கம், நிரூபணம் இல்லை. சொல்லோட வடிவம் விதி போட்டுக் கட்டினது, அதை அசைக்கறது கஷ்டம், காரணம் நாம சொல்ற கதை, அது வேற தரம். இந்த வித்தியாசம் போச்சுன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு உதாரணம், ரஷ்யன்ல கரடிக் குகைக்கு பெர்லோகான்னு பேரு, அதுக்குள்ளதான் கரடியோட ரகசிய உண்மைப் பேரு 'பெர்' ஒளிஞ்சிருக்குன்னு ஒரு புருடா ரொம்ப நாளா சுத்துது. செர்பியன்ல ப்ர்லோக்னு அதே சொல்லு இருக்கு, பன்னி கிடக்கிற குப்பையான இடத்துக்கும் சொல்றாங்க, ஜெர்மானியக் கரடிப் பேருக்கும் (இங்கிலீஷ் bear) அதுக்கும் முடிச்சுப் போடறது நிக்காது. உங்க அடுத்த பெட்டிச் செய்தியில இது வந்துடக்கூடாதேன்னு முன்கூட்டியே சொல்லி வெக்கிறேன்.

பாக்கறதுக்குப் புத்தகம் இல்லாம இல்லை. மாக்ஸ் ஃபாஸ்மர்னு பெர்லின்ல இருந்த அறிஞர், 1944 குண்டுவீச்சுல அவரோட நூலகமும் குறிப்புகளும் எரிஞ்சுபோச்சு, மறுபடி உட்கார்ந்து ரஷ்யச் சொற்பிறப்பு அகராதியை எழுதி 1950ல இருந்து 1958க்குள்ள வெளியிட்டாரு. அதை ரஷ்யன்ல மொழிபெயர்த்து நிறைய சேர்த்தவர் ஒலேக் துருபச்சோவ், அவரே ஆரம்பிச்ச ஆதி ஸ்லாவ் அகராதி 1974ல இருந்து தொகுதி தொகுதியா வந்துச்சு, ஒவ்வொரு தலைப்புச் சொல்லுக்கும் முன்னாடி நட்சத்திரம் இருக்கும். உங்க அச்சுக்கோப்புல அந்தக் குறிக்கு வழி இல்லைன்னா "மீட்டுருவாக்கிய சொல்"னு ரெண்டு வார்த்தை போட்டா போதும், இடமும் அடைக்காது.

திருத்தம் போடறதா இருந்தா ஹங்கேரியன் வரியையும் சேர்த்துப் பாருங்க. ஹங்கேரியன்லயும் கரடிக்கு 'மெத்வெ'ன்னுதான் பேரு, அதனால அதுவும் ஸ்லாவ் குடும்பம்னு எழுதியிருக்கீங்க. அந்த மொழி ஃபின்னிஷ் பக்கத்துச் சொந்தம், 9ஆம் நூற்றாண்டு முடிவுல அவங்க கார்பாத்தியன் மலைக்கு உள்ள வந்து குடியேறினப்போ அங்க ஏற்கெனவே இருந்த ஸ்லாவ் ஜனங்ககிட்ட வாங்கின சொல்லு அது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
தஞ்சாவூர்